படகில் நாலு பேருக்குத்தான் இடம்

நல்ல பல் டாக்டர் ஒருவர் கிடைத்துவிட்டால்கூட நாலு பேரிடம் சொல்லாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. வலியே தெரியவில்லை, நீங்களும் போய்ப் பாருங்கள் என்று வழியில் போகிறவரைக்கூட நிறுத்திச் சொல்வோம். என் விஷயமும் அப்படித் தொடங்கியதுதான். எனக்கு ஒரு வீடியோ கேம் பிடித்திருந்தது. நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். உள்ளபடி எழுத வேண்டுமானால் அந்த விளையாட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். கோபக்காரன் என்றோ வம்புக்குப் போகிறவன் என்றோ ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் தம்பியும் சின்னவர்களாக இருந்தபோது அப்பா எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கிவந்தார். அதோடு வந்த ஒரே விளையாட்டு அது. சுடுவது, கார் ஓட்டுவது எல்லாம் அதில் கிடையாது. நாமே ஒரு பாத்திரமாகி, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி ஒரு பெரிய கதையை முடிக்க வேண்டும். கலங்கரை விளக்கத்தில் வளர்ந்த ஒருவன் கதாநாயகன். அவனுக்கு நாலு கூட்டாளிகள். அவர்களில் ஒருத்தி வைத்தியக்காரி. யாருக்கு அடிபட்டாலும் ஓடிவந்து கையை வைப்பாள். அவள் இல்லாமல் ஒரு சண்டையையும் தாண்ட முடியாது.

பாதிக் கதையில் கடல் பொங்கி ஊருக்குள் வரும். தப்பிக்க ஒரு படகு கிடைக்கும். படகில் நாலு பேருக்குத்தான் இடம். யாரை விட்டுவிட்டுப் போவது என்று மற்றவர்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கரையில் நின்றுவிடுவாள். அதுவரை ஓயாமல் கேட்ட இசை நின்றுபோகும். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அதற்குப் பிறகு அவள் வரவே மாட்டாள்.

அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, நான் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட ஓடினான். கன்ட்ரோலரை நான் அவன் கையில் கொடுத்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவனுக்கு.

அந்த அழுகையை மறுபடி வரவழைக்க எத்தனையோ முறை ஆடிப் பார்த்துவிட்டேன். வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இதுவரை ஆடாத ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் கொஞ்சம் நமக்கும் கிடைக்கும். அதற்காகத்தான் நான் ஆள் பிடித்தேன். டீ குடிக்கும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன் எங்கள் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குப் பெயரே ஹெல்மெட்தான். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே அழைத்து ஆடவிட்டேன். கொஞ்ச நேரம் ஆடிவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுநடுவுல உக்காந்து உக்காந்து பேசுறாங்களே, வேற வேலையே இல்லையா இவங்களுக்கு?" என்றான்.

அதற்குப் பிறகு ஸ்பேனர் கேட்பதற்குத் தவிர வேறு எதற்கும் நான் அவனிடம் வாய் திறக்கவில்லை. அன்று டீ கொண்டுவந்து வைத்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இரவு நான் சாப்பிடாமல் படுத்ததையும் பார்த்தாள். அவளையும் கல்யாணமான நாளிலிருந்து ஆடச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுவதும் மற்றவர்களுக்கு எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து திரையை வேறு பார்க்க வேண்டுமா என்பாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாளைக் கடத்துவாள். நான் வற்புறுத்தவில்லை. அவளுடைய முதல் தடவை எங்கேயும் போய்விடாது, எனக்காகப் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். அதுவே எனக்கு ஒரு சந்தோஷம்.

பிறகுதான் அந்த விளையாட்டைப் புது மெருகு கொடுத்து மறுபடி வெளியிடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் அந்தப் படகுதான். 'அழாமல் கரை சேர்ந்தவர் யாரும் இல்லை' என்று கீழே ஒரு வரி வேறு. நேற்று முளைத்தவர்கள் எல்லாம் முன்னோட்டத்தை ஆடிவிட்டு, 'என் முதல் அனுபவம்' என்று முகத்தைப் படம்பிடித்துப் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? என் வீட்டுப் பொருளைத் தெருவில் வைத்து ஆளாளுக்கு எடுத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஆனால் அந்தப் பரபரப்பில் ஒரு நன்மையும் நடந்தது. என் மனைவி தானாகவே ஒரு நாள், "புதுசு வரட்டுங்க. வந்த அன்னைக்கே ஆடுறேன், சத்தியமா" என்றாள்.

வந்த அன்றே ஆடினாள். தம்பி ஒன்பதாவது மாடியிலிருந்த தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தான். வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டேன். உள்ளே நாங்கள் இருவர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கலங்கரை விளக்கம் தெரிந்ததும், "அட, இந்த மியூசிக் நல்லா இருக்கே" என்றாள். எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது.

"ஏங்க, டிவியைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச கதைதானே. நீ ஆடு."

"கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படிப் பாக்கலை நீங்க."

என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதான். வேலை முடிந்ததும் நேராக வீடு. அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்பட்டாள். நான் காத்திருந்ததெல்லாம் படகுக்காகத்தான்.

படகு வருவதற்குச் சற்று முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். கூட்டாளிகள் என்னென்ன அணிந்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். வைத்தியக்காரியின் கைத்தடி, காப்பு, போர்வை மூன்றையும் கழற்றி இன்னொரு கூட்டாளியான வில்லாளிக்கு மாட்டிவிட்டாள். மழை வரும் என்று கொடியிலிருந்து துணியை எடுப்பதுபோல, அத்தனை சாதாரணமாக.

இதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். கரையில் நின்றுவிடும் வைத்தியக்காரி அணிந்திருப்பதெல்லாம் அவளோடு போய்விடும், திரும்பக் கிடைக்காது. அதனால் கதை தெரிந்தவர்கள் முன்னாலேயே கழற்றி எடுத்துக்கொள்வார்கள். தெரியாதவர்கள் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் முடியாது. அவள் போகப்போகிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாதே.

அடுத்து படகு வந்தது. இசை நின்றது. என் மனைவி அழுதாள். கண்ணீர் சரியான இடத்தில் வந்தது. நான் கைக்குட்டையை நீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. நான் சண்டை போடுகிறவன் இல்லை.

அவள் இதற்கு முன் ஆடியிருக்கிறாள். யாருடன் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் பழைய பெட்டியை, ஹெல்மெட் வந்துபோன பிறகு, தம்பிதான் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தான். அதற்கு முந்தைய மாதம் முழுவதும் சனிக்கிழமைகளில் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று சொல்லி அவள் தாமதமாக வந்ததும் நினைவுக்கு வந்தது. தம்பி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் என்னிடமிருந்த சாவியால் அவன் வீட்டைத் திறந்தேன். பெட்டிமேல் தூசி இல்லை. கன்ட்ரோலருக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடி துடைக்க அவள் கடையில் கொடுக்கிற நீலத் துணி கிடந்தது. பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். படகைத் தாண்டிய ஓர் ஆட்டம் சேமிக்கப்பட்டிருந்தது. கதாநாயகனுக்கு என் பெயர் வைத்திருந்தார்கள். என் பெயரை வைத்து இருவரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள் என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த வாரம் தம்பி குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிக்கும் முறை எனக்கு வந்தது. வந்தது என்று எழுதிவிட்டேன். கேட்டு வாங்கினேன். அங்கே ஆறாவது மாடியில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டடம் முழுக்க வெள்ளைத் தூசி. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. மூச்சுக்கு அடிக்கும் மருந்தை அவன் எப்போதும் தன் பையில் வைத்திருப்பான். அன்று அவனுக்கு விடுமுறை. மதியம் போன் செய்து, கீழே வா, டீ குடிக்கலாம் என்றேன். டீ குடிக்கப் போகும்போது யாரும் பையை மாட்டிக்கொண்டு போவதில்லை.

லிஃப்ட் தானாக நின்றுவிட்டது என்று உங்களிடம் முதலில் சொல்லியிருந்தேன். அது சரியில்லை. மாடிக்கு மேலே உள்ள மெஷின் ரூமில் நான்தான் சுவிட்சை இறக்கினேன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. இண்டர்காம் மட்டும் பேட்டரியில் வேலை செய்யும்.

"அண்ணா, நின்னுடுச்சு."

"தெரியும். பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பதறாதே."

"ஃபேனும் ஓடலை. ஒரே தூசியா இருக்குண்ணா. மருந்து வேற மேல இருக்கு."

"அஞ்சு நிமிஷம் பொறு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க அண்ணி உன் வீட்டுக்கு வந்தாளா?"

 இருமிக்கொண்டே சிரித்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா? அண்ணி சொல்லவே கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினாங்க. உனக்குப் பிடிச்சதைப் பத்தி ஏதாவது ஏடாகூடமாச் சொல்லிட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பியேன்னு அவங்களுக்கு பயம். அந்த ஹெல்மெட் ஆள் கதை ஆயிடக்கூடாதுன்னாங்க. அதான், ஒரு தடவை ஆடிப் பழகிக்கறேன்னு வந்தாங்க. உன் பேரைத்தான் வெச்சாங்க. நான் பாத்துக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான்."

அப்போது என் கை சுவிட்சுக்குப் போனது. இதைத் தயவுசெய்து கவனித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருவர்மேலும் ஒரு தப்பும் இல்லை என்று எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. சந்தேகத்தால் செய்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவன் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியிருந்தது. சுவிட்சைத் தூக்கியிருந்தால் போதும். அதற்கு முன் இன்னும் ஒன்றைக் கேட்டேன்.

"படகு வந்தப்போ என்ன பண்ணினா?"

"அழுதாங்கண்ணா. நிஜமாவே. ஆட்டத்தை நிறுத்திட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. நான் போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். உனக்கு உடனே போன் பண்ணணும்னு துடிச்சாங்க. இப்பத்தான் அவர் சொன்னது புரியுதுன்னாங்க. அண்ணா, மூச்சு விட முடியலை. சீக்கிரம்."

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அவன் இதைச் சொன்னான். அவன் சுபாவம் அப்படி. நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

அவன் அவளைத் தொட்டிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறான். நான் அத்தனை வருடம் காத்திருந்த முகம். நான் அழுததையும் அவன் பார்த்தான், அவள் அழுததையும் அவனே பார்த்தான். கன்ட்ரோலரைத் தொடாமலே எல்லாம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு மிஞ்சியது அவள் பழகிவைத்திருந்த அழுகை. இண்டர்காமில் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால்தான் கீழே பேசுவது கேட்கும். நான் விரலை எடுத்துவிட்டேன்.

கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். கைப்பிடிகளுக்குக்கூட எண்ணெய் தடவினேன். பிறகு சுவிட்சைப் போட்டு, லிஃப்டைக் கீழே இறக்கி, ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிட்டேன். அவன் நெஞ்சை நான் தேய்த்துக்கொண்டிருந்ததைக் காவலாளி உங்களிடம் சொல்லியிருப்பார். அதில் பொய் இல்லை. அவன் என் தம்பி.

மருத்துவமனையில் எல்லாம் முடிந்த பிறகு, என் மனைவிக்கு யாரும் போன் செய்ய வேண்டாம், நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பக்குவமான மனிதர் என்று டாக்டர் பாராட்டினார். வீட்டுக்குப் போனபோது அவள் ஆடிக்கொண்டிருந்தாள். கதை முடிவதற்குள் நான் வந்துவிட வேண்டுமே என்று மெதுவாக ஆடிக்கொண்டிருந்தாளாம். திரையை அணைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் சரியாகத் தெரியாது. அதனால் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தேன். விளக்கையும் போட்டுக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

முதலில் சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து. அந்தச் சிரிப்பு போக நேரம் எடுத்தது. வாய் பாதி திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை. கைகள் இரண்டும் மடியில் எதையோ தேடின. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அதில் பழகியது, முன்னாலேயே தெரிந்தது, எனக்காகச் செய்தது என்று எதுவும் இல்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தம்பிகூட.