ஆடு தின்ற பத்திரிகை

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். பெரியவள் சின்னவளுக்கு அண்ணன் மனைவி. என் காதுக்கு இன்னும் வயசாகவில்லை.

“ஏட்டி, ஒம் மக கல்யாணப் பத்திரிகைய எங்க ஆடு தின்னுட்டு.”

“என்ன சொல்லுதீய மதினி?”

“வெத்தலயோட தட்டுல வச்சுட்டுத் தண்ணி எடுக்கப் போனேன். வந்து பாத்தா வெறுந் தட்டுதான் கெடக்கு.”

சின்னவள் சிரித்துவிட்டாள். “திங்காம என்ன செய்யும்? மில்லுக் கழிவுப் பஞ்சையும் பழைய நோட்டையும் ஊறவச்சு, கஞ்சிப் பசை போட்டு, எங்க கம்பெனியில நானே செஞ்ச தாளுல்லா! ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?”

“ஆடு நல்லாத்தான் இருக்கு. ஒங்க அண்ணன்தான் சரியில்ல. ஒரு வாரம் வெளியூரு வயக்காட்டுல ஆட்டுக்கிடை போட்டுட்டு வந்தவிய, தாய்மாமனுக்கே பத்திரிகை வைக்கலியான்னு மொகத்தத் தூக்கிட்டு இருக்காவ. கல்யாணத்துக்கு வரமாட்டாவளாம்.”

“ஆடு தின்ன கதையச் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன்டி. கல்யாணப் பத்திரிகை மெழுகு பூசுனாப்புல வழவழன்னு இருக்கும், அத எந்த ஆடு திங்கும்ங்காவ. ஒன்னயக் காப்பாத்த நான் பொய் சொல்லுதேனாம்.”

பஸ் நின்றது. “யக்கா, ஒங்க ஊரு வந்துட்டு, எறங்கலியா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“இல்ல, அண்ணன் வீட்டுக்குப் போறேன்” என்ற சின்னவள், பையிலிருந்து சொரசொரப்பான பழுப்புப் பத்திரிகைகள் இரண்டை எடுத்தாள்.

“ஒண்ணு அண்ணன் கையில குடுப்பேன்.”

“இன்னொண்ணு?”

“அவிய கண்ணு முன்னால ஆட்டுக்கு.”