ஜெரிக்கு மட்டும் ஒரு விலக்கு

எண்ணூரில் எங்கள் கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் ஏசி உருப்படியாக ஓடியது என் அறையில் மட்டும்தான். சர்வர் சூடாகக் கூடாது என்று போட்டது. அந்தச் சாக்கில் ஆட்களும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

இது 2007. எல்லோர் கையிலும் கேமரா வைத்த செல்போன். போட்டோவை இறக்கவும் பாட்டை ஏற்றவும் கேபிள் என்னிடம்தான் இருந்தது. "பாரிண்ணே, ஒரு நிமிசம்" என்று வருவார்கள். ஒரு நிமிடம் அரைமணி ஆகும். எனக்குச் சலிப்பில்லை.

பிறகு எல்லோருக்கும் ப்ளூடூத் வைத்த புது லேப்டாப் வந்தது. ஆவணப் பிரிவு ஜெரிதான் அதை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தான். நல்ல பையன். இரண்டே வாரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் மொத்தமும் அவன் மேசைக்குப் போய்விட்டது. என் கதவை ஏசி மெக்கானிக் மட்டும் தட்டினார்.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. ப்ளூடூத் வழியாகச் சரக்குப் பட்டியல் வெளியே போய்விடலாம் என்று மேனேஜர் யசோதரா மேடத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு லேப்டாப்பாகப் போய்த் தொடவேண்டியதில்லை. சர்வரில் ஒரு விதியை மாற்றினால் போதும். மறுநாள் காலை முப்பத்தாறிலும் ப்ளூடூத் அணைந்து கிடந்தது.

பத்து மணிக்கு பில்லிங் சில்வியா வந்தாள். "இன்னாண்ணே இது, ப்ளூடூத்து செத்துப்போய் கீது?"

"கம்பெனி பாதுகாப்பும்மா. கேபிள் கீது, உக்காரு."

உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். மூன்றாம் நாள் ஜெரியே வந்தான். அவனுக்கும் சில்வியாவுக்கும் கல்யாணம். ராயபுரம் கோயிலில் ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"மாமு, என் மிசினுக்கு மட்டும் தொறந்து வுடேன். நிச்சயதார்த்த போட்டோலாம் போன்லயே மாட்டிக்கினு கீது. ஒரே பேஜாரு."

"யாராண்டயும் சொல்லிக்காத."

"நான் சொல்லுவனா மாமு?"

திறந்துவிட்டேன். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

மாதக் கடைசியில் மேடத்துக்கு அறிக்கை போகவேண்டும். விதிக்குக் கட்டுப்படாத கணினிகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர். மேடத்துக்குப் பார்வை கொஞ்சம் மங்கல் என்பதால் நான்தான் அதைச் சிவப்பாக்கினேன். அவர் ஜெரியைக் கூப்பிட்டு, யார் திறந்தது என்று கேட்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

ஜெரி என்னைப் பார்த்தான். "நான்தான் மேடம், எப்டியோ தொறந்துட்டேன்" என்றான்.

அன்று மாலையே வேலை போயிற்று. சில்வியா வீட்டில் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். கேட்டருகே ஜெரி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காவப் பண்ண நீ. உன்ன மாட்டி வுடுவனா?"

அப்படியொரு நட்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவன் மனம் நோகக்கூடாது என்றுதான் நான் எதையும் விளக்கவில்லை.

ஆமாம், மாட்டுவான் என்று தெரிந்துதான் திறந்தேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை.

ஜெரியின் இடத்துக்கு இப்போது மலர்க்கொடி வந்திருக்கிறாள். அவள் கொண்டுவரும் நெத்திலிக் குழம்புக்காக எல்லோரும் அவள் மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். புது இடம், பாவம். ஏதாவது உதவி வேண்டுமா என்று நேற்று நானே போய்க் கேட்டேன்.