நந்தியாவட்டைக்கு அடித்த மருந்து

நந்தியாவட்டை அதிகம் கவனிப்புக் கேட்காத செடி ஐயா. தண்ணீர் ஊற்றினால் போதும், வருஷம் முழுக்கப் பூக்கும். ஊரிகம் பள்ளிக்கூட வளாகத்தில் அதை வரிசையாக வைத்து வளர்த்த தோட்டக்காரன் நான்தான்.

அந்த வருஷம் அந்துப்பூச்சி வந்து முட்டையிட்டது. விரல் தடிமனில் பச்சைப் புழுக்கள், இலையை மொட்டையடிக்கத் தொடங்கின. "மருந்து வேணாம், பிள்ளைங்க நடமாடுற இடம், கையால பொறுக்கிப் போடு" என்றார் ஹெட்மாஸ்டர். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பூதிகோட்டையில் தக்காளி போடுகிற ராஜப்பாவிடம் மருந்து வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் அடித்தேன். "கண்ணுல பட்டா பார்வை இருட்டிக்கும், பாத்து" என்று அவர் சொல்லித்தான் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் போனால் செடியடியில் புழுக்களும் அந்துப்பூச்சிகளும் கொட்டிக் கிடந்தன. நடுவே தேன்சிட்டுகளும் செத்துக் கிடந்தன. ஹெட்மாஸ்டர் பார்த்தால் வேலை போய்விடும். எல்லாவற்றையும் பெருக்கிக் குழியில் தள்ளினேன். அதன்பிறகு செடி பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கிற எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் அங்கே பூப்பறிப்பார்கள். சுரங்கத்தில் வெடிப்புகை பட்டு எரிகிற கண்ணுக்கு நந்தியாவட்டையை நனைத்து வைப்பது எங்கள் பழக்கம். அன்றும் தாயம்மா வந்தாள், சுரங்கத்தில் வேலை செய்த என் தம்பி தசரதனின் பெண்சாதி.

"இன்னா மாமா, ஒரு புழுவையும் காணோம்" என்று சொல்லிக்கொண்டே மடி நிறையப் பறித்தாள்.

நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பாள். அவள் வாயில் எதுவும் தங்காது.

அடுத்த நாள் காலை, ஷிப்டுக்குக் கிளம்பிய தம்பி என் வாசலில் வந்து நின்றான். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது.

"அண்ணே, விளக்கு ஏத்தியும் இருட்டாவே கீது. லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவட்டா?"

அம்மா செத்த நாளிலிருந்து அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவன் நான். எது செய்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வான்.

அன்று மத்தியானம், சுரங்கத்துக்குள்ளே மூடாமல் கிடந்த குழியில் கால் வைத்து விழுந்து செத்துப்போனான். தலைவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்ததாம். குடித்திருந்தான் என்று சுரங்கத்து ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள். அவன் தொட்டதே இல்லை ஐயா. அதைத் திருத்தி எழுதுங்கள், அதற்குத்தான் வந்தேன்.

காலையில் அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால், கண்ணில் என்ன வைத்தாய் என்று டாக்டர் கேட்பார். அதனால் "ஒண்ணுமில்லடா, கீழ எறங்கினா சரியாப் பூடும்" என்றேன். வழி தெரியாமல் தடுமாறினான். கையைப் பிடித்து, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் கேட் வரைக்கும் நானே கூட்டிப்போய் விட்டேன்.