தினம் நான்கு விரல்

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முதல் ராத்திரி தூங்கமாட்டார்கள், சார். பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கும். அதைத் தூக்கம் என்போம். நாலாம் தூக்கம் முடிந்து எழுந்தபிறகு ஒரு வாரம் விடாமல் இலை தின்னும். புழு மனை வீட்டுக்குப் பின்னாலேயே இருப்பதால், தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கேட்டுப் பாருங்கள், "அது அன்னிக்கே நின்னுபோச்சுங்களே" என்பார்கள். சத்தம் அப்படியேதான் இருக்கும். அவர்கள் மனசுதான் அதை உள்ளே விடாது. மனசு வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி, சார். பழகிய முகம் என்றால் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காது.

தண்ணீர் கொடுத்தீர்கள், குடிக்கவில்லை. தப்பாக நினைக்கவேண்டாம், அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். என் பெயர் மாதவராஜ். மொரப்பூர் பக்கம் இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டம், ஒரு புழு மனை. பட்டு வளர்ப்பில் ஆறு மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவன். கிணற்றில் விழுந்து இறந்துபோன சென்னப்பன் என் கூடப்பிறந்த அண்ணன். அவரைப் பற்றித்தான் பேச வந்தேன். கண் தெரியாதவர் தவறி விழுந்தார் என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள்மேல் குறையில்லை, ஊரே அப்படித்தான் சாட்சி சொன்னது.

சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. அண்ணி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கனிமொழி, தருமபுரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கண் போனபிறகும் அண்ணன் சும்மா உட்காரமாட்டார். நாளுக்கு நாலு தடவை புழு மனைக்குப் போய் இலை போடுவார். பின்கட்டிலிருந்து மனைவரைக்கும் முளை அடித்து நைலான் கயிறு கட்டிக்கொடுத்தேன். நான்தான் கட்டினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலது கையால் கயிற்றைப் பிடித்தபடி, அதன் இடப்பக்கமாக நடப்பார். எண்ணி அறுபத்து நாலு எட்டு வைத்தால் மனை வாசல். இடப்பக்கம் இருபத்திரண்டு அடி தள்ளி எங்கள் பழைய கிணறு. போர் போட்டபிறகு வறண்டுபோன கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது, அடியில் வெறும் பாறை.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். எனக்கு அது கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு நாள் அண்ணன் மனைக்குள் நின்று காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மூணாவது தட்டுல பூச்சி சரியாத் தின்னல தம்பி. பால்நோய் வந்திருக்குது, எடுத்து எறிஞ்சுரு" என்றார். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். புழு எல்லாம் வெள்ளையாக, கொழுகொழுவென்று இருந்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பருவமே போச்சு. தட்டுத் தட்டாக அள்ளிக் குழியில் கொட்டினோம். அதன்பிறகு அக்கம்பக்கத்துக்காரர்கள் அண்ணனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்த் தங்கள் மனையில் நிறுத்திவைத்துக் கேட்கச் சொன்னார்கள். பட்டு அதிகாரி வந்தால்கூட, "பெரியவரு இல்லீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார். என் மனைவி சுகுணா, நான் பக்கத்தில் நிற்கும்போதே, "மாமா, எலை போடலாங்களா?" என்று அவரைக் கேட்பாள். ஒரு தடவை என்னைப் பார்த்து, "படிச்ச கண்ணு உங்களுது, கேக்கற காது மாமாவுது. எனக்குக் காது போதுங்க" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

நான் செய்தது அவர் நன்மைக்கு. ஒரு மனிதன் கயிற்றைத் தடவிக்கொண்டு காலம் தள்ளுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் ஒரு நாளும் கஷ்டம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லைதான். கூட இருக்கிற எனக்குத் தெரியாதா?

ஆவணியில் ஆரம்பித்தேன். காலை பத்து மணிக்கு அவர் மனைக்குள் இலை போட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நடு முளைகள் மூன்றையும் பிடுங்கிக் கிணற்றுப் பக்கமாக நான்கு விரல் தள்ளி அடித்தேன். மறுநாள் நான்கு விரல். அதற்கு மறுநாள் நான்கு விரல். ஒரு நாள்கூட அவசரப்படவில்லை. கயிறு போதாமல் வந்தபோதெல்லாம் நுனியில் ஒரு முழம் கூட்டிக் கட்டினேன். அவர் புதிதாகக் கால் வைக்கப்போகிற மண்ணிலிருந்து கல்லையும் நெருஞ்சியையும் முன்கூட்டியே பொறுக்கி எடுத்தேன். மூன்று மாதத்தில் அவர் காலில் ஒரு முள் தைத்ததில்லை.

சுகுணா அந்தக் கயிற்றில் துணி காயப்போடுவாள், சார். தினம் பார்த்த கயிறு. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பால்காரருக்குத் தெரியவில்லை. இலை அறுக்க வரும் பெண்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஐப்பசியில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அறுபத்து நாலு எட்டு இப்ப எழுபது ஆவுதுடா. வயசாவுது, எட்டு கொறஞ்சிருச்சு" என்றார். அவரே காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார். இன்னொரு நாள், "முன்னெல்லாம் காலை வெயிலு காதுல அடிக்கும். இப்ப கன்னத்துல அடிக்குது" என்றார். "சூரியன் தெக்கால போயிருச்சுங்கண்ணா, மாசம் மாறுதுல்ல" என்றேன். "அதான பாத்தேன்" என்று தலையாட்டினார்.

கார்த்திகையில் ஒரு காலை, நடு முளையைத் தளர்த்தி வைத்தேன். அன்று கிணற்றின் விளிம்புக்கும் அவர் நடக்கும் தடத்துக்கும் இடைவெளியே இல்லை. சத்தம் கேட்டு ஊர் ஓடி வந்தது. அவர்கள் கயிறு தேடிக் கிணற்றுக்குள் இறங்குவதற்குள் நான் முளைகளைப் பழைய இடத்தில் அடித்து, கூடுதல் கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். நீங்கள் வந்து பார்த்தபோது கயிறு கிணற்றுக்கு இருபத்திரண்டு அடி தள்ளி இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, சார். அவர்கள் மனசில் கயிறு நகரவே இல்லை.

இத்தோடு முடிந்திருக்கும். கனிமொழி பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள் ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. பட்டன் அமுக்கிக் குரல் செய்தி அனுப்ப அண்ணனுக்கு அவள் பழக்கியிருந்தாள். அவர் தினம் நாலைந்து அனுப்புவாராம், சாப்பிட்டேன், மழை வரலை, பூச்சி நல்லாருக்குது என்று. தினம் வருவதால் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அப்பா போனபிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் மதியம் புழு மனையில் நான் தனியாக இருந்தபோது உள்ளே வந்தாள். போனை நீட்டினாள். அண்ணன் குரல். "கண்ணு, நம்ம கயிறு நவுந்துக்கிட்டே போவுது. சித்தப்பனக் கேட்டேன், வெயிலு மாறுதுங்கறான். அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கதவருகே நின்று, "இனிமே பாத்து நடங்க சித்தப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பதினோரு நாள், சார். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படி ஒரு பயம் உண்டு என்றே எனக்குத் தெரியாது. கட்டிலுக்கும் கதவுக்கும் எத்தனை சாண் என்று காலையில் எழுந்ததும் அளக்கிறேன். படிக்கட்டைக் கையால் தடவிவிட்டுத்தான் காலை வைக்கிறேன். வண்டி பிரேக்கைப் பத்துத் தடவை பிடித்துப் பார்க்கிறேன். அளவு மாறியிருக்கிறதா, நான்தான் நேற்றைய அளவைத் தப்பாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. கனிமொழியும் சுகுணாவும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். நான் போனால் சாதாரணமாகச் சிரிக்கிறார்கள். குழம்பு முதல் நாள் லேசாகக் கசந்தது. இரண்டாம் நாளும் கசந்தது. நான்காம் நாள் கசக்கவில்லை. கசக்காமல் போனதிலிருந்துதான் நான் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். தண்ணீரும் அப்படித்தான், குழாயில் நானே பிடித்ததைத் தவிர யார் கொடுத்தாலும் குடிப்பதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். எனக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் பிரச்சினை. என் கண்ணையும் நாக்கையும் நான் நம்ப முடியாது, அவை எப்படி ஏமாறும் என்று மூன்று மாதம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால்தான் காலை முதல் பஸ்ஸில் ஏறி உங்களிடம் வந்தேன். தயவுசெய்து என்னைப் பூட்டி வையுங்கள்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கயிறு நகர்கிறது என்று தெரிந்தவர், எப்படிப் போய் விழுந்தார்?

முதலில் கொடுத்த வாக்குமூலத்தில், அந்த நேரத்தில் தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அதை அடித்துவிடுங்கள். நான் கிணற்றோரம்தான் நின்றிருந்தேன். அண்ணன் விளிம்புக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டார். கால் விரலால் மண்ணைத் தடவினார். கயிற்றைவிட அவர் காலுக்கு அதிகம் தெரிந்திருந்தது. கயிற்றை விட்டுவிட்டு, நான் நிற்கிற திசைக்கு முகத்தைச் சரியாகத் திருப்பினார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.

"மாதவா, காத்து கீழருந்து ஜில்லுனு வருதுடா. கெணறு கிட்டயா இருக்குது?" என்றார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பார், சார்.

"கெணறு எங்கயோ இருக்குதுங்கண்ணா. நான்தான் நிக்கறேனே, வாங்க" என்றேன்.

"நீ இருக்கறயா, அப்பச் சரி" என்று சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தார்.