அண்ணன் கடையில யாரு பில் கேப்பா?

பில்லா? பில் இல்லீங்க ஐயா. இல்லவே இல்ல. தொலைஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மான்னு கோர்ட்டுக்கு வெளிய ஒருத்தர் யோசனை குடுத்தாரு. எதுக்குப் பொய்? நான் கேக்கல, அவரும் குடுக்கல. ஏன்னா கடை எங்க அண்ணனோடது. அதோ, வக்கீல் சார் பக்கத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு செல்போனையே பாத்துட்டு இருக்காரே, அவருதான். கூடப் பொறந்த அண்ணன்.

நீங்களே சொல்லுங்க, அண்ணன் கடையில போய் யாராவது பில் குடுன்னு கைய நீட்டிக்கிட்டு நிப்பாங்களா? நின்னா அவ்வளவுதான். அண்ணி மூஞ்சியத் தூக்கிக்குவாங்க. சித்தி காதுக்குப் போகும், அவங்க மூலமா ஊரு காதுக்கே போகும். அவளுக்குக் கொழுப்பக் கண்டியான்னுதான் பேசுவாங்க. காசு முழுசா குடுத்துத்தான் வாங்குனேன். வாரண்டி அட்டை இருக்கான்னு மட்டும் லேசா இழுத்துப் பாத்தேன். நானே இருக்கேன்ல, அப்புறம் அட்டை எதுக்குன்னு சிரிச்சாரு. எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு.

சுருக்கமாவா? சரிங்க ஐயா, சுருக்கமாவே சொல்றேன்.

குளிக்கிற ரூம்ல மாட்டுற ஹீட்டர். அம்மா என்கூடத்தான் இருந்தாங்க. பச்சத் தண்ணி ஊத்துனா மூட்டு வலி புடிச்சுக்கும், அதுக்காக வாங்குனது. அண்ணன் கடை ஆளுதான் வந்து மாட்டிட்டுப் போனாரு. அவரும் இப்ப வேலைய விட்டு நின்னுட்டாராம், எங்கன்னு யாருக்கும் தெரியல. மாட்டி கொஞ்ச நாள்லயே குழாயத் தொட்டா கரண்டு அடிச்ச மாதிரி சுர்ருன்னுச்சு. முதல்ல என் பிரமைன்னு நெனச்சேன். அப்புறம் அம்மாவும் சொன்னாங்க. அண்ணனுக்குப் போன் பண்ணேன். புதுசுல அப்படித்தான் இருக்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு குளிங்கன்னாரு.

ஆமாங்க ஐயா, அப்படியேதான் சொன்னாரு. விளையாட்டுக்குச் சொல்லல.

மறுபடியும் பண்ணேன். மாத்திக் குடுங்கண்ணேன்னு கேட்டேன். கோவம் வந்துடுச்சு. நீயே என்னை நம்பலைன்னா வெளியாளு எப்படி நம்புவான், அவ்வளவு சந்தேகம்னா வேற கடைக்குப் போயேன்னு வெச்சுட்டாரு. அந்நியக் கடையா இருந்திருந்தா அன்னிக்கே ஹீட்டரக் கழட்டி, ஆட்டோவுல ஏத்தி, அவங்க வாசல்லயே போட்டு சண்டை புடிச்சிருப்பேன். எனக்கு வாய் இல்லாம இல்ல. சொந்தம்ங்க ஐயா. வாய இறுக்கி மூடிக்கிட்டு, அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிட்டு வந்தேன்.

இப்ப வக்கீல் சார் என்ன சொல்றாரு? அது எங்க கடைப் பொருளே இல்லங்குறாரு. அப்புறம் இன்னொண்ணு சொன்னாரே, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். சந்தையில எத்தனையோ கம்பெனி இருக்கு, புடிச்சத வாங்க அவங்களுக்குச் சுதந்திரம் இருக்கு, யாரும் கையப் புடிச்சு இழுக்கலன்னாரு. வாஸ்தவம்தான், யாரும் இழுக்கல. ஆனா வரிசையா அடுக்கி வெச்சிருந்தா எனக்கு என்னங்க ஐயா தெரியும்? வெளிய வெள்ளைப் பெயிண்ட், ஒரு சின்ன சிவப்பு லைட்டு. உள்ள என்ன இருக்குன்னு செஞ்சவனுக்குத் தெரியும், வித்தவருக்குத் தெரியும். தெரிஞ்சத அவங்க வெச்சுக்குவாங்க, நான் மட்டும் கண்ண மூடிக்கிட்டு சுதந்திரமா வாங்கணுமாக்கும்! அவங்க சொல்லணும்ல. சொல்லலைன்னா கேக்குறதுக்கு எனக்கு ஒரு எடம் வேணும்ல. அதான் இங்க வந்து நிக்கிறேன்.

இல்லீங்க, தண்ணி வேணாம். பேசிடுறேன்.

அன்னிக்கு அம்மா செருப்பு வழுக்குதுன்னு கழட்டி ஓரமா வெச்சுட்டுத்தான் குளிச்சிருக்காங்க. நான் அடுப்படியில இருந்தேன். சொம்பு விழுந்த சத்தம் கேட்டுச்சு. அம்மான்னு கூப்பிட்டேன்... கதவ ஒடச்சுத்தான் தூக்குனோம்.

சொந்தக்காரங்க எல்லாம் என்னத்தான் பாத்தாங்க. சுவிட்ச அணைச்சுட்டு குளிக்கச் சொல்லக் கூடாதா, வயசானவங்கள தனியா விடலாமான்னு. அண்ணன் அங்கதான் இருந்தாரு. வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுட்டு இருந்தாரு. அம்மாவ நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு இன்னிக்கும் அவங்க நெனப்பு. எனக்கு நஷ்டஈடெல்லாம் வேணாங்க ஐயா. அது நான் வித்ததுதான்னு அவரு வாயால சொல்லணும். அந்த ஹீட்டர இனிமே யாருக்கும் விக்கக் கூடாது. அவ்வளவுதான். குடும்ப விஷயம், வெளிய பேசித் தீத்துக்கலாம்னு எங்க தாய்மாமா ஆள் மேல ஆள் அனுப்புறாரு. இதுல குடும்பம் எங்கங்க இருக்கு? நான் காசு குடுத்தேன், அவரு பொருள் குடுத்தாரு.

கெட்டதுன்னு அவருக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றேனா?

சாட்சின்னு கூப்பிட முடியாதுங்க ஐயா. அண்ணி வர மாட்டாங்க, பாவம், அவங்க பொழைக்கணும். அம்மா போன மறு வாரம் எல்லாரும் அண்ணன் வீட்டுல கூடியிருந்தோம். அழுது அழுது மூஞ்சி வீங்கிப் போச்சு, கழுவலாம்னு குளிக்கிற ரூமுக்குள்ள போனேன். எனக்கு மாட்டுன அன்னிக்கே அங்கயும் அதே ஹீட்டர்தான் மாட்டுனாங்க. ரெண்டு பெட்டியும் ஒரே வண்டியில வந்துச்சு, நான்தான் எறக்கி வெச்சேன். போய்ப் பாத்தா, சுவத்துல பழைய ஆணி ஓட்டை மட்டும் இருக்கு. பக்கத்துல வேற கம்பெனி ஹீட்டர். எப்ப அண்ணி மாத்துனீங்கன்னு கேட்டேன். அவங்களுக்கு மறைக்கத் தெரியாது. அத்தை போன அன்னிக்கு சாயங்காலமே உங்க அண்ணன் ஆளக் கூட்டிட்டு வந்து கழட்டிட்டாருன்னாங்க.

நாங்கல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல அம்மா உடம்புக்காகக் காத்துட்டு நின்ன நேரம் அது. பிள்ளைங்க குளிக்கிற எடமாச்சே, பயந்திருப்பாரு. அதத் தப்புன்னு சொல்ல மாட்டேன், நானா இருந்தாலும் கழட்டித்தான் இருப்பேன்.

நேத்து அவரு கடை வழியாத்தான் பஸ்ஸு வந்துச்சு, ஐயா. அங்க மட்டும் அந்த ஹீட்டர இன்னும் கழட்டல. கண்ணாடிக்குள்ள வெச்சு லைட்டு போட்டிருக்கு.