லட்சுமி சாப்பிட்டாளா

தொண்டாமுத்தூர் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்:

“நேத்து டிவில அவார்டு குடுத்தாங்கல்லக்கா, அதுல எங்க மாட்டுக்கு நன்றி சொன்னாங்க.”

“மாட்டுக்குங்களா?”

“சீரியல் ஷூட்டிங் எங்க தோட்டத்துலதானுங்க நடந்துச்சு. எங்கூட்டுக்காரரு தெனமும் ஊட்டுக்கு வந்ததும் ‘லட்சுமி சாப்பிட்டாளா’ம்பாரு. லட்சுமி எங்க மாடுங்க. நடிக்க வந்த புள்ள அது எம்பேருன்னு நெனச்சுப்போட்டா. மேடையில, ‘லட்சுமி அக்காவுக்கும், அவங்க சாப்பிட்டாங்களான்னு தெனமும் விசாரிக்கற அண்ணனுக்கும் நன்றி’ன்னாளுங்க.”

“ஊட்டுக்காரரு பாத்தாருங்களா?”

“பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. அப்பறம், ‘நீ சாப்பிட்டயா அம்மணி’ன்னாருங்க. அந்தப் புள்ள நல்லா இருக்கோணுங்கக்கா.”