ஏழாம் நம்பர் கேள்வி

தையல்காரி: "...முப்பத்தேழாம் எண் வீட்டின் எதிரே உள்ள சாக்கடை மூடி, கால் வைத்ததும் உடைந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்..."

பிளம்பர்: மெதுவா... மெதுவா. ரயில் போற மாதிரி படிக்கிற.

தையல்காரி: மூணு நிமிஷம்தானே குடுப்பாங்க?

பிளம்பர்: நீ போற வேகத்துக்கு ஊரு கேள்வியெல்லாம் சேத்துக் கேட்டுட்டு டீ குடிக்கவும் நேரம் இருக்கும்.

தையல்காரி: கிண்டலா? கை நடுங்குதுங்க. இந்தா பாருங்க.

பிளம்பர்: ஊசியில நூல் கோக்கும்போது நடுங்காத கை...

தையல்காரி: ஊசி என்னைத் திருப்பிப் பாக்காது. உள்ள இருபது பேரு பாப்பாங்க.

பியூன்: அம்மா... கொஞ்சம் மெதுவா. உள்ள நகர்மன்றக் கூட்டம் நடக்குது.

தையல்காரி: மன்னிச்சுக்குங்கண்ணே. நான் ஏழாம் நம்பர்.

பியூன்: தெரியும்மா. கேள்வி போடக் கடைசி நாளு, பன்னெண்டு மணிக்குப் பெட்டியை மூடணும், அஞ்சு நிமிஷம் இருக்கும்போது செருப்பு அறுந்து ஓடி வந்தீங்களே... மறக்குமா? இப்ப நாலாம் நம்பர் பேசிக்கிட்டு இருக்காரு. தெருநாய் விவகாரம்.

பிளம்பர்: நாயும் வந்திருக்கா?

பியூன்: வந்திருந்தா அது சீக்கிரம் முடிச்சிருக்கும் சார்.

தையல்காரி: டீச்சரம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேண்ணே. ஒவ்வொரு வரியையும் மூணு தடவ திருத்தினாங்க. அதான் அன்னைக்கு லேட்டு.

பியூன்: விழுந்தது அவங்கதானா?

தையல்காரி: ஆமாண்ணே. பக்கத்து வீடு. இடுப்பெலும்பு முறிஞ்சு ரெண்டு மாசமாக் கட்டில்ல. "நீ நல்லாப் பேசுவ, எனக்குப் பதிலா நீ போய்க் கேளுடி"ன்னு சொல்லிட்டாங்க. எப்படிண்ணே முடியாதுங்கறது?

பியூன்: நல்ல மனசும்மா உங்களுக்கு.

தையல்காரி: ஐயோ... அதெல்லாம் இல்லண்ணே.

பியூன்: இந்தாங்க சார், இன்னைக்குக் கேள்வித்தாள். பதிலும் அச்சடிச்சிருக்கு.

பிளம்பர்: பதிலா? இவ இன்னும் கேக்கவே இல்லையே!

பியூன்: பத்து நாளுக்கு முன்னாடியே எழுதி வாங்குறது எதுக்கு சார்? அதிகாரிங்க விசாரிச்சு பதிலைத் தயார் பண்ணத்தான். ...இருங்க, அஞ்சாம் நம்பரை உள்ள அனுப்பிட்டு வரேன்.

தையல்காரி: பாத்தீங்களா, எவ்வளவு ஒழுங்கா நடத்துறாங்க... என்ன போட்டிருக்கு? படிங்க.

பிளம்பர்: ம்...

தையல்காரி: சத்தமாப் படிங்களேன். ...எதுக்கு மடிக்கிறீங்க?

பிளம்பர்: ஒண்ணுமில்ல. எழுந்திரு. போலாம்.

தையல்காரி: எங்க?

பிளம்பர்: வீட்டுக்கு. கேள்வி வேணாம்னு சொல்லிடு.

தையல்காரி: விளையாடுறீங்களா? டீச்சர் ஜன்னலையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாங்க. நான் போய் ஒரு வார்த்தை விடாம ஒப்பிக்கணும்.

பிளம்பர்: நேரமாயிடுச்சு, கூப்பிடலைன்னு சொல்லிக்கலாம்.

தையல்காரி: தாளைக் குடுங்க.

பிளம்பர்: சொன்னாக் கேளு...

தையல்காரி: குடுங்கன்னா. "...ஏழாம் எண் கேள்விக்குப் பதில். மேற்படி மூடி பழுதடைந்திருந்ததை அத்தெருவின் துப்புரவுப் பணியாளர் உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறியுள்ளார். அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்."

பிளம்பர்: ம்.

தையல்காரி: நம்ம தெருவுக்கு வர்றவரையா? விசிலடிச்சுக்கிட்டே கூட்டுவாரே...

பிளம்பர்: அவரைத்தான்.

தையல்காரி: ஒரு வாரமா வேற ஆளு வந்துச்சு. லீவு போலன்னு நெனச்சேன்.

பிளம்பர்: நானும்.

தையல்காரி: நம்ம கேள்வியாலயா?

பிளம்பர்: கேள்வின்னு வந்துட்டா பதில் சொல்லணும். யாரு மேலயாவது போடணும். இருக்குறதுலயே கீழ இருக்குற ஆளு மேல போட்டுட்டாங்க.

தையல்காரி: அவரு என்னங்க பண்ணினாரு?

பிளம்பர்: ஒண்ணும் பண்ணல. அந்த மூடி... தானா ஒடையல. நம்ம குளியலறையில தண்ணி போகாம நின்னுச்சே. நீ கூட மன்றத்துல எழுதிக் குடுக்கலாம்னு சொன்ன. நான்தான் கேக்கல. ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்குறவன் தன் வீட்டு அடைப்புக்கு மனு எழுதினா சிரிக்க மாட்டாங்களான்னு... விடியறதுக்குள்ள கடப்பாறையைப் போட்டு நெம்பினேன். ரெண்டாப் பொளந்து உள்ள விழுந்துடுச்சு.

தையல்காரி: அப்புறம்?

பிளம்பர்: ஒரு கம்புல செவப்புத் துணியைக் கட்டி நட்டு வச்சேன். சாயங்காலம் புதுசா ஒண்ணு வார்த்துப் போட்டுட்டா யாருக்கும் தெரியாதுன்னு இருந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரியில பைப்பு வெடிச்சிடுச்சுன்னு போனு. கெளம்பிட்டேன். பத்து மணிக்கு டீச்சர் விழுந்துட்டாங்க.

தையல்காரி: இத்தனை நாளா ஏன் என்கிட்ட சொல்லல?

பிளம்பர்: எப்படிச் சொல்றது? தினம் அவங்களுக்குக் கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போற உன்கிட்ட... சொல்லு. சாப்பிடும்போது சொல்றதா, தூங்கும்போது சொல்றதா? லைசென்சு வேற அடுத்த மாசம் புதுப்பிக்கணும். இந்த மன்றம்தான் குடுக்குது. அதையும் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன், அதைத்தான் மொதல்ல நெனச்சேன்.

தையல்காரி: மெதுவாப் பேசுங்க.

பிளம்பர்: ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. அந்தக் கம்பு எங்க போச்சு? எந்தப் படுபாவி புடுங்கினான்? அது இருந்திருந்தா டீச்சர் ஒதுங்கிப் போயிருப்பாங்க. அவங்க என்னடான்னா மூடி மேலதான் கால் வச்சேங்கிறாங்க. மூடி ஏது? வலியில கொழம்பிட்டாங்க போல. ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்ட? திட்டவாவது திட்டு.

தையல்காரி: திட்ட வாய் வரலைங்க.

பியூன்: ஆறாம் நம்பர் உள்ள போயாச்சு. அடுத்து நீங்கதாம்மா... என்ன, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு? தண்ணி தரட்டுமா?

பிளம்பர்: அண்ணே, இவளுக்குப் பதிலா நான் பேசலாமா?

பியூன்: முடியாது சார். யாரு பேர்ல எழுதிக் குடுத்தாங்களோ அவங்கதான் மைக்கு முன்னாடி நிக்கணும். நீங்க பேசணும்னா அடுத்த கூட்டத்துக்கு எழுதிப் போடுங்க. ரெண்டு மாசம் ஆகும்.

பிளம்பர்: ரெண்டு மாசமா... அதுவரைக்கும் அந்த ஆளு எங்க போவாரு? சரி, கேள்வியைத் திரும்ப வாங்கிட்டா?

பியூன்: வாங்கிக்கலாம். உள்ள படிக்க மாட்டாங்க, அவ்வளவுதான். எடுத்த நடவடிக்கை எடுத்ததுதான்.

தையல்காரி: எழுதினதைப் படிச்சப்புறம் வேற எதுவும் பேசக் கூடாதாண்ணே?

பியூன்: பதில் வாசிச்சதும் துணைக் கேள்வி ஒண்ணு கேக்கலாம்மா. அதுக்கு முன்னாடியே எழுதிக் குடுக்க வேணாம். ஆனா ஒண்ணே ஒண்ணு. அதுவும் கேள்வியா இருக்கணும். கதை சொல்ல ஆரம்பிச்சா தலைவர் மணியை அடிச்சு உக்கார வச்சிடுவாரு. வேணாம்னா "இல்லைங்க"ன்னு சொல்லிட்டு வந்துடலாம். நெறையப் பேரு அப்படித்தான் வந்துடுவாங்க.

தையல்காரி: சரிங்கண்ணே.

பிளம்பர்: இங்க பாரு. என் பேரைச் சொல்லிடு. லைசென்சு போனாப் போகுது. அந்த ஆளு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

தையல்காரி: நீங்க வெளியவே இருங்க.

பிளம்பர்: ஏன்? உள்ள வந்து பின்னாடி நிக்கிறேன். என்னைத்தானே சொல்லப் போற, நான் நின்னு கேக்க வேணாமா?

தையல்காரி: நான் சொல்றதை நீங்க கேட்டா என்னால பேச முடியாது.

பிளம்பர்: அப்படி என்ன சொல்லப் போற?

பியூன்: ஏழாம் நம்பர்! வாங்கம்மா. படி இருக்கு, பாத்து.

தலைவர்: உக்காருங்க எல்லாரும்... பின்னாடி நிக்கிறவரு யாரு? இந்தம்மாவோட வீட்டுக்காரரா? சரி, நிக்கட்டும். கேள்வியைப் படிச்சாச்சு. பதிலும் வாசிச்சாச்சு. தவறு செஞ்சவர் மேல நடவடிக்கை எடுத்திருக்கோம். திருப்திதானேம்மா? துணைக் கேள்வி ஏதாவது உண்டா?

தையல்காரி: உண்டுங்கய்யா.

தலைவர்: சுருக்கமா கேளுங்க.

தையல்காரி: அந்த மூடியை ஒடைச்சது எங்க வீட்டுக்காரருங்க.

தலைவர்: என்னது? ...அம்மா, இது கேள்வி இல்லையே.

தையல்காரி: கேள்வி வருதுங்கய்யா. மணி அடிச்சிடாதீங்க. ஓட்டை தெரியணும்னு அவரு செவப்புத் துணி கட்டிக் கம்பு நட்டு வச்சாரு. அது என் கடைத் துணி. பாத்தவுடனே தெருவே கண்டுபிடிச்சிடும்னு எனக்கு மானம் போயிடுச்சு. கம்பைப் புடுங்கி எறிஞ்சிட்டு, தாங்கும்னு நெனச்சு, பழைய பீரோப் பலகை ஒண்ணை எடுத்து ஓட்டை மேல வச்சு மூடினேன். டீச்சரு கால் வச்சது அது மேலதான். கூட்ட வந்தவருக்கு ஓட்டை தெரியல, டீச்சருக்குத் தெரியல, பின்னாடி நிக்கிறவருக்கே இப்பத்தான் தெரியும்... அந்தக் கூட்டுறவரை எதுக்குங்கய்யா வேலையை விட்டு எடுத்தீங்க?